எத்தனை பேர் மேலே போனார்கள் என்று மட்டும் கேட்காதீங்க



இன்றைக்கு ஹொக்கி பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். "சேர், கணக்குப் படிப்பிக்கிற உங்களுக்கும் ஹொக்கிக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீங்க. நமக்கு ஹொக்கி என்றால் மாத்தளைப் பிள்ளைகள் மைதானத்தில் விளையாடுவதுதான் ஞாபகம் வரும். நான் சொல்லப்போவது கனடாவில் பனிக்கட்டித் தளத்தில் சறுக்கிக்கொண்டு விளையாடுகிற ஐஸ் ஹொக்கி.

என் ராத்தாவின் மகள் குடும்பத்தோடு ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கிறாள். அவளுடைய மூத்த மகன் நல்லா விளையாடுவானாம். வருகிற வருஷம் பெரிய ஜூனியர் லீக்குகள் பிள்ளைகளைத் தெரிவு செய்கிற வயது அவனுக்கு வருகிறது. போன மாதம் அவள் வாட்ஸ்அப்பில் நாலைந்து பட்டியல் அனுப்பி, "மாமா, நீங்க கணக்கு வாத்தியார். இதில எந்த லீக்கில போட்டா பிள்ளை மேலே போவான் எண்டு பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டாள். ஒவ்வொரு பட்டியலிலும் ஒரே மாதிரி வாசகம்: எங்கள் லீக்கிலிருந்து இத்தனை பேர் என்.எச்.எல். போனார்கள்.

என்.எச்.எல். என்பது உலகத்திலேயே பெரிய தொழில்முறை ஐஸ் ஹொக்கி லீக். 32 அணி. ஒரு அணியில் 23 பேர்வரைதான் இருக்கலாம். உலகம் முழுவதிலிருந்தும் மொத்தம் எழுநூறு சொச்சம் இடங்கள். அவ்வளவுதான்.

அந்தப் பட்டியல்களோடு சில இரவுகள் இருந்து பார்த்தேன். பார்க்கப் பார்க்க, இது கனடாக் கதையா நம்ம ஊர்க் கதையா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பாதைகளைச் சொல்கிறேன், இல்லாவிட்டால் விளங்காது.

கனடாவில் மேஜர் ஜூனியர் என்று மூன்று லீக் உண்டு: ஒன்டாரியோ லீக், மேற்கு லீக், கியூபெக் லீக். மூன்றிலும் சேர்த்து 60க்கு மேற்பட்ட அணிகள். பெரும்பாலும் 16 முதல் 20 வயது வரையான பிள்ளைகள். ஒன்டாரியோவிலும் மேற்கிலும் ஒரு பருவத்துக்கு ஒவ்வொரு அணியும் 68 ஆட்டம் ஆடும். ஊரை விட்டு, வேறு ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கி, அங்குள்ள பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டு விளையாட வேண்டும். எந்த அணி தன்னைத் தெரிவு செய்கிறதோ அதற்குத்தான் பிள்ளை போக வேண்டும்.

அதற்கு அடுத்த படியில் மாகாணங்களில் ஜூனியர் ஏ லீக்குகள் இருக்கின்றன. பேர் சின்னது, கூட்டமும் குறைவு. எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவில் யூ.எஸ்.எச்.எல். என்ற ஜூனியர் லீக். அங்கே ஆடிய பிள்ளைகள் அனேகமாக அமெரிக்கப் பல்கலைக்கழக ஹொக்கிக்குப் போவார்கள். பல்கலைக்கழகத்தில் ஆட்டம் குறைவு, பயிற்சி நேரம் கூட. ஐரோப்பாவில் வேறு முறை. பின்லாந்து, சுவீடனில் ஒரு கிளப்பிலேயே சின்ன வயதில் சேர்ந்து, அதே கிளப்பின் பெரியவர் அணிவரை வளரலாம்.

இப்போது அந்த வாசகத்துக்கு வருகிறேன். "இத்தனை பேர் போனார்கள்." சரி. உள்ளே வந்தவர்கள் யார்?

ஒரு உண்மையான உதாரணம். 2019ஆம் ஆண்டு என்.எச்.எல். தெரிவின் முதல் சுற்றில் 31 இடம். அதில் 8 இடத்தை அமெரிக்காவின் ஒரே ஒரு ஜூனியர் அணியின் பிள்ளைகள் எடுத்தார்கள். முதலாவது ஆளாகத் தெரிவான ஜாக் ஹியூஸும் அந்த அணிதான். அந்த அணி யூ.எஸ்.எச்.எல். லீக்கில் ஆடுகிறது. பட்டியலைப் பார்க்கிறவர், "சுப்ஹானல்லாஹ், என்ன லீக்!" என்பார். ஆனால் அது அமெரிக்கத் தேசிய வளர்ப்புத் திட்டத்தின் அணி. நாடு முழுவதும் தேடி, பதினைந்து, பதினாறு வயதிலேயே மிகச் சிறந்த பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து மிச்சிகனில் ஒரே இடத்தில் வைத்துப் பயிற்சி கொடுப்பது அதன் வேலை. நல்ல பயிற்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த எட்டுப் பேரில் எவ்வளவு லீக்கின் உழைப்பு, எவ்வளவு உள்ளே வரும்போதே இருந்தது? அதே லீக்கின் சாதாரண அணி ஒன்றில் சேரப்போகிற பிள்ளைக்கு அந்த எட்டு என்ற எண்ணால் என்ன பிரயோசனம்?

வகுப்பில் நான் செய்கிற மாதிரி ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் நானே விளக்கத்துக்காகப் போட்டவை.

அ லீக்கில் 100 பிள்ளைகள். ஆ லீக்கிலும் 100. அ லீக்கிலிருந்து 21 பேர் மேலே போகிறார்கள். ஆ லீக்கிலிருந்து 14 பேர். பேனரில் அ லீக்தான் வெற்றி.

இனி உள்ளே வந்தவர்களைப் பிரிப்போம். அ லீக்குக்கு வந்த 100 பேரில் 80 பேர் ஏற்கெனவே கெட்டிக்காரர் என்று பேர் எடுத்தவர்கள், 20 பேர் சாதாரணமானவர்கள். 80இல் 20 பேர் மேலே போனார்கள், அது 25 வீதம். சாதாரண 20இல் ஒருவர் போனார், 5 வீதம்.

ஆ லீக்குக்கு வந்தவர்களில் 20 பேர்தான் கெட்டிக்காரர்கள், 80 பேர் சாதாரணமானவர்கள். கெட்டிக்காரர் 20இல் 6 பேர் போனார்கள், 30 வீதம். சாதாரண 80இல் 8 பேர் போனார்கள், 10 வீதம்.

திரும்ப வாசித்துப் பாருங்க. கெட்டிக்காரப் பிள்ளைக்கும் ஆ லீக்தான் நல்லது. சாதாரணப் பிள்ளைக்கும் ஆ லீக்தான் நல்லது. ஆனாலும் பேனரில் அ லீக்தான் பெரிசாகத் தெரியும். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. கூட்டி வந்த எண் சரியானதுதான். நாம் கேட்ட கேள்விதான் பிழையானது.

"அப்படியானால் லீக்குகளை ஒப்பிடவே ஏலாதா?" என்று ராத்தாவின் மகள் கேட்டாள். ஒரு வழி இருக்கிறது. ஹொக்கிக் கணக்குப் பார்க்கிறவர்கள் பல வருஷமாக அதைச் செய்கிறார்கள். ஒரு லீக்கிலிருந்து மேலே போன அதே ஆட்களை எடுத்து, பழைய இடத்தில் ஒரு ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி எடுத்தார், புதிய இடத்தில் எத்தனை எடுத்தார் என்று பார்ப்பது. ஆளை மாற்றாமல் இடத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பதால், எந்த லீக் கடினம், எது இலகு என்று ஓரளவு தெரியும். கேப்ரியல் டெஜார்டின் என்பவர் இந்த முறையைப் பிரபலமாக்கினார்.

நல்ல முறை. ஆனால் அது சொல்வது லீக்கின் கடினத்தை. அந்த லீக் பிள்ளையை வளர்த்ததா என்பதை அது சொல்லாது. அதோடு, மேலே போனவர்களை மட்டும்தான் அந்தக் கணக்கில் பார்க்கலாம். போகாதவனுக்குப் புதிய இடமே இல்லையே, எதோடு ஒப்பிடுவது?

அடுத்தது பிறந்த மாதம். இதை வாசித்தபோது எனக்கு உண்மையிலேயே தூக்கம் போனது, ஏனென்றால் நம்ம பிள்ளை பிறந்தது ஒக்டோபரில்.

1980களில் ரொஜர் பார்ன்ஸ்லி என்ற கனடா உளவியலாளர் லெத்பிரிட்ஜ் நகரில் மனைவியோடு ஒரு ஜூனியர் ஆட்டம் பார்க்கப் போயிருந்தார். கையில் கிடைத்த வீரர் பட்டியலில் பிறந்த தேதிகளும் இருந்தன. மனைவிதான் முதலில் கவனித்தார்: ஜனவரி, பெப்ரவரி, மார்ச் என்றே திரும்பத் திரும்ப வருகிறது. பிறகு அவர் ஆய்வு செய்து பார்த்தார். கனடாவில் வயதுப் பிரிவுக்கு வெட்டுநாள் ஜனவரி 1. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில்தான் ஆட வேண்டும். பத்து வயதில் பதினொரு மாத வித்தியாசம் என்பது உடம்பில் பெரிய வித்தியாசம். பெரிய உடம்புக்காரனைத் தெரிவு செய்வார்கள், தெரிவானவனுக்கு நல்ல பயிற்சியும் கூட ஆட்டங்களும் கிடைக்கும், பிறகு அவன் உண்மையிலேயே திறமைசாலி ஆகிவிடுவான். சிறந்த ஜூனியர் அணிகளில் சுமார் 40 வீதம் வருஷத்தின் முதல் மூன்று மாதத்தில் பிறந்தவர்கள், கடைசி மூன்று மாதத்தில் பிறந்தவர்கள் சுமார் 10 வீதம் என்ற அளவுக்கு இருந்தது நிலைமை.

இதற்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. 2013இல் வெளியான இன்னொரு ஆய்வு, என்.எச்.எல். தெரிவான கனடா வீரர்களைப் பின்தொடர்ந்து பார்த்தது. வருஷத்தின் பின்பாதியில் பிறந்தவர்கள், தங்கள் திறமைக்குக் கிடைக்க வேண்டிய இடத்தை விட நாற்பது இடத்துக்கும் பின்னால்தான் தெரிவாகியிருந்தார்கள். ஆனால் 400 ஆட்டம், 200 புள்ளி போன்ற எல்லைகளைத் தொடுவதில், முதல் மூன்று மாதத்தில் பிறந்தவர்களை விட ஏறத்தாழ இரண்டு மடங்கு வாய்ப்பு அவர்களுக்குத்தான் இருந்தது. அனுபவமுள்ள தெரிவாளர்கள், அதுவும் பதினெட்டு வயதில் பார்த்துத் தெரிவு செய்தே இப்படி என்றால், பதினைந்து வயதுத் தெரிவை நாம் எவ்வளவு நம்பலாம்?

இந்த இடத்தில் 2022இல் ஸ்டான்லி கிண்ணம் வென்ற கொலராடோ அணியைப் பார்ப்போம். ஒரே அணி, ஒரே கிண்ணம். ஆட்கள் வந்த வழிகளைக் கவனிங்க.

நேதன் மக்கினன்: கியூபெக் லீக்கில் ஹாலிஃபக்ஸ் அணி. 2013இல் உலகத்துக்கே முதலாவதாகத் தெரிவானவர். எல்லோரும் எதிர்பார்த்த நேர் வழி.

கேப்டன் கேப்ரியல் லாண்டஸ்கொக்: சுவீடன்காரர். பதின்ம வயதிலேயே கடல் கடந்து ஒன்டாரியோ லீக்குக்கு வந்தவர்.

மிக்கோ ரன்டனன்: பின்லாந்தில் தன் நாட்டுக் கிளப்பிலேயே வளர்ந்து, அங்கிருந்தே தெரிவானவர்.

கேல் மக்கார்: இவரை மேற்கு லீக்கின் ஒரு அணி தெரிவு செய்திருந்தது. போகவில்லை. அல்பேர்ட்டாவில் புரூக்ஸ் என்ற சின்ன நகரத்தின் ஜூனியர் ஏ அணியில் ஆடினார். பிறகு மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகம். 2022இல் லீக்கின் சிறந்த தற்காப்பு வீரர் விருதும் இவருக்குத்தான், கிண்ணத் தொடரின் சிறந்த வீரர் விருதும் இவருக்குத்தான்.

டெவன் டேவ்ஸ்: ஜூனியர் ஏ, பிறகு பல்கலைக்கழகம். இருபது வயதில் நான்காம் சுற்றில் தெரிவானார். என்.எச்.எல். இல் முதல் ஆட்டம் ஆடும்போது வயது 24.

கடைசியாக நம்மில் பலருக்குத் தெரிந்த பேர், நாசிம் காத்ரி. லெபனான் வம்சாவளி, ஒன்டாரியோவின் லண்டன் நகரத்து முஸ்லிம் பிள்ளை. ஒன்டாரியோ லீக்கில் இரண்டு அணிகளில் ஆடி, 2009இல் ஏழாவதாகத் தெரிவானவர். தெரிவான பிறகும் என்.எச்.எல். இல் நிரந்தர இடம் உடனே கிடைக்கவில்லை, கீழ் லீக்கில் சில பருவங்கள் உழைத்தார். ஸ்டான்லி கிண்ணத்தில் பேர் பொறிக்கப்பட்ட முதல் முஸ்லிம் வீரர். வென்ற அணியின் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு நாள் கிண்ணத்தைக் கொடுப்பது அங்கே வழக்கம். அவருடைய நாளில் அதைத் தன் ஊர்ப் பள்ளிவாசலுக்கே கொண்டுபோனார், மாஷா அல்லாஹ்.

ஆறு பேர், கிட்டத்தட்ட ஐந்து வழி. மக்காரை மேற்கு லீக்குக்கு அனுப்பியிருந்தால் அவர் வீணாகியிருப்பார் என்று நான் சொல்லவில்லை. அதை யாராலும் சொல்ல ஏலாது. ஆனால் பேர் பெரிய லீக்கில் சேராததால் அவருக்குக் கதவு மூடவில்லை. அது மட்டும் நிச்சயம்.

இனி யாரும் பட்டியல் போடாத பிள்ளைகளைப் பற்றி. என்.எச்.எல். தெரிவில் வருஷத்துக்கு 7 சுற்று, 224 பேர், உலகம் முழுவதற்கும். கனடாவின் மூன்று மேஜர் ஜூனியர் லீக்குகளில் மட்டுமே எந்த நேரத்திலும் 1,200க்கு மேற்பட்ட பிள்ளைகள் ஆடுகிறார்கள். தெரிவானவர்களிலும் பலர் என்.எச்.எல். இல் ஒரு ஆட்டம்கூட ஆடுவதில்லை. ஆகவே, எந்த லீக்கை எடுத்தாலும் பெரும்பாலான பிள்ளைகளின் கதை "மேலே போகவில்லை" என்பதுதான். நல்ல லீக் எது என்று பார்க்க நான் முதலில் இந்தப் பிள்ளைகளைத்தான் பார்ப்பேன். இருபத்தொரு வயதில் ஸ்கேட்ஸைக் கழற்றும்போது அவன் கையில் என்ன இருக்கிறது?

இதில் மேஜர் ஜூனியர் லீக்குகளுக்குச் சொல்ல நல்ல பதில் இருக்கிறது. மேற்கு லீக்கில் ஒரு பருவம் ஆடினால் ஒரு வருஷப் பல்கலைக்கழகப் படிப்புச் செலவு என்று புலமைப்பரிசில் திட்டமே இருக்கிறது. மற்ற இரண்டிலும் கல்வி உதவி உண்டு. ஆனால் நிபந்தனைகளும் உண்டு, அதை எழுத்தில் வாங்கி வாசிக்க வேண்டும்.

இன்னொரு முக்கியமான மாற்றம். முன்பு மேஜர் ஜூனியரில் ஆடிய பிள்ளைக்கு அமெரிக்கப் பல்கலைக்கழக ஹொக்கியின் கதவு மூடிவிடும். அவனைத் தொழில்முறை வீரன் என்று கணக்கெடுத்தார்கள். பதினாறு வயதிலேயே இதுவா அதுவா என்று முடிவு எடுக்க வேண்டியிருந்தது. மக்கார் மாதிரிப் பிள்ளைகள் சின்ன லீக்கில் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். 2024 நவம்பரில் அந்த விதியை மாற்றத் தீர்மானித்து, 2025 ஓகஸ்ட் 1 முதல் அமுல்படுத்தினார்கள். மேற்கு லீக்கின் பெரிய நட்சத்திரம் கவின் மக்கென்னா அந்த வருஷமே பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்.

அப்படியானால் பழைய பட்டியல்களின் நிலை என்ன? முன்பு பல்கலைக்கழக ஆசை உள்ள பிள்ளைகள் ஒரு பக்கமும் மற்றவர்கள் மறுபக்கமுமாகப் பிரிந்து போனார்கள். இப்போது அந்தப் பிரிப்பே கலைந்துவிட்டது. பத்து வருஷத்துக்கு முந்திய எண்ணைக் காட்டி இன்றைக்குப் பிள்ளையைச் சேர்க்கச் சொன்னால், அது பழைய பாடத்திட்டத்துப் பெறுபேற்றைக் காட்டிப் புதிய பாடத்திட்டத்துக்கு ஆள் சேர்க்கிற மாதிரி.

ராத்தாவின் மகளுக்கு நான் எந்த லீக்கின் பேரையும் எழுதவில்லை. ஐந்து கேள்வி எழுதி அனுப்பினேன். அழைக்கிற அணி எதுவானாலும் இதைக் கேள் என்றேன்.

1. என் பிள்ளை மாதிரி, பின் சுற்றில் வந்த, உடம்பு சின்னப் பிள்ளைகள் கடந்த ஐந்து வருஷத்தில் உங்களிடம் எத்தனை பேர் வந்தார்கள்? அவர்கள் இப்போது எங்கே?

2. முதல் வருஷம் அவன் ஆட்டத்தில் எவ்வளவு நேரம் தளத்தில் நிற்பான்? பெரிய லீக்கின் பெஞ்சில் உட்காருவதற்கும் சின்ன லீக்கில் ஒவ்வொரு ஆட்டமும் ஆடுவதற்கும் பதினாறு வயதில் நிறைய வித்தியாசம் உண்டு.

3. இடையில் விட்டுப் போனவர்கள் எத்தனை பேர்? ஏன்?

4. பள்ளிக்கூடப் படிப்பை யார் பார்க்கிறார்? 68 ஆட்டம், நீண்ட பஸ் பயணம், அதற்கிடையில் பாடம் எப்படி?

5. தங்குகிற வீடு யாருடையது? அவன் தொழுகைக்கும் ஹலால் சாப்பாட்டுக்கும் அந்த வீட்டார் இடம் கொடுப்பார்களா?

இரண்டு நாள் கழித்து அவள் பதில் அனுப்பினாள். "மாமா, முதல் கேள்விக்கு ஒருத்தர்தான் ஒழுங்காப் பதில் சொன்னார். அவர் பேர் பெரிய அணிக்காரர் இல்லை." முடிவு இன்னும் எடுக்கவில்லை. துஆச் செய்துகொள்ளுங்க.

இனி நம்ம ஊர்ப் பெற்றாருக்கு இரண்டு வார்த்தை. சாதாரண தரப் பெறுபேறு வரும் நாளில் பள்ளிக்கூட வாசல்களிலும் டியூஷன் சென்டர் சுவர்களிலும் 9 ஏ எடுத்த பிள்ளைகளின் படங்களோடு பேனர் ஏறும். சந்தோஷமான விஷயம்தான், அந்தப் பிள்ளைகளின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலில் கூடிய புள்ளி எடுத்தவர்களைப் பொறுக்கி ஆறாம் தரத்துக்கு எடுக்கிற பாடசாலையின் 9 ஏ எண்ணிக்கையையும், யார் வந்தாலும் சேர்த்துக்கொள்கிற பாடசாலையின் எண்ணிக்கையையும் ஒரே பேனரில் வைத்து ஒப்பிடுவது, மேலே நான் போட்ட அ, ஆ கணக்கேதான். நம்ம பக்கத்துப் பாடசாலையில், எழுத்துக்கூட்டி வாசிக்கக் கஷ்டப்பட்டு வந்த பிள்ளையை ஆறு சித்தியோடு உயர் தரத்துக்கு அனுப்பிய டீச்சருக்கு எந்தச் சுவரிலும் படம் ஏறவில்லை.

முதலாம் தரத்துக்கு ஜனவரி 31இல் ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்பது நம்ம நாட்டு விதி. ஆகவே பெப்ரவரியில் பிறந்த பிள்ளையும் அடுத்த ஜனவரியில் பிறந்த பிள்ளையும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். கிட்டத்தட்ட ஒரு வருஷ வித்தியாசம். முதலாம், இரண்டாம் தரத்தில் "மற்றப் பிள்ளைகள் எழுதுது, இவன் எழுதுறான் இல்ல" என்று அடிக்கப் போகும் முன், தயவுசெய்து பிள்ளையின் பிறந்த மாதத்தை ஒருமுறை பாருங்க.

வருகிற தவணையில் புதிய பாடசாலை தேடப்போகிறவர்கள் அதிபரிடம் இதைக் கேளுங்க: "சேர், ஆறாம் தரத்துக்கு எத்தனை பேர் வந்தாங்க, அதே பிள்ளைகளில் எத்தனை பேர் சாதாரண தரம் வரைக்கும் நின்றாங்க, நடுத்தரமாக இருந்த பிள்ளைகள் இப்ப எங்க இருக்கிறாங்க?" கேட்பது உங்கட உரிமை. பதில் கிடைத்தால், எந்தப் பாடசாலை என்று பேர் போடாமல், கீழே கருத்தில் எழுதுங்க. மற்றப் பெற்றாருக்கும் உதவும், இன்ஷா அல்லாஹ்.